இருபத்தஞ்சு கரண்டு

எங்கள் பக்கத்தில் புற்றுநோய்க்கு வைத்தியம் மூன்று. ஆபரேசன், கரண்டு, மருந்து ஏத்தறது. இதில் கரண்டுக்குத்தான், அதாவது கதிர்வீச்சுக்குத்தான் மரியாதை. ஆபரேசன் குடல்வாலுக்குக்கூட நடக்கிறது. மருந்து ஏற்றினால் முடி கொட்டி விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். கரண்டு அப்படி இல்லை. பென்னாகரம் தாண்டி, தர்மபுரி தாண்டி, தூர தேசம் போய் வாங்கி வர வேண்டியது. போதாததற்கு அதில் ஒரு எண்ணிக்கையும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார்கள்: "எத்தினி கரண்டு வெச்சாங்க?"

1985-ல் அந்த மரியாதை எங்கள் வீட்டுக்கு வந்தது. பெரியம்மாவுக்கு இருபத்தஞ்சு.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டோடு வந்து, அண்ணனையும் என்னையும் வளர்த்தாள். "ஒண்ணையும் சுமக்காத பை, ஒரு வேலையும் செய்யாத பை, அதுக்கு எப்படிடா நோவு வரும்?" என்று பின்னாளில் கேட்டாள். பிள்ளை பெறாததே கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுக்கு ஒரு காரணம் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. ஊர் அவளைச் சொன்ன சொல்லோடு புத்தகமும் சேர்ந்துகொண்டது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

தீட்டு நின்று பல வருடம் கழித்து அவளுக்கு மறுபடியும் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கிற கல்லருகே ஒளித்து வைத்திருந்த துணியைப் பார்த்துக் கண்டுபிடித்தது, அந்த வருடம்தான் மருமகளாக வந்திருந்த அண்ணி. கேட்டதற்கு, "வயசு திரும்புதுடி, உனக்குப் போட்டியா ஒண்ணு பெத்துக்கறேன் பாரு" என்று சிரித்திருக்கிறாள் பெரியம்மா. அந்தச் சிரிப்பில் ஒரு மாசிப் பட்டமும் ஒரு ஆடிப் பட்டமும் போயின. பிறகு டவுனில் ஒரு டாக்டர், உடம்புச் சூடு என்று மாத்திரை கொடுத்தார். அதில் இன்னும் கொஞ்ச காலம் போனது.

மாதவிலக்கு முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது டாக்டர் பார்க்க வேண்டிய சமாசாரம். அப்படிப் படுகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. ஆனால் இந்தப் புற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் முதல் அடையாளம். இவ்வளவு நாணயமாக முன்கூட்டியே ஆள் அனுப்பிவிட்டு வரும் புற்று வேறு அதிகம் கிடையாது. எங்கள் ஊரில் அது அனுப்பிய ஆளை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிற்க வைத்தோம்.

சேலத்தில் உள்ளே வழித்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பி, கர்ப்பப்பையை எடுத்து, "மெட்ராசுக்குப் போய்க் கரண்டு வெச்சுக்கங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புளியமரங்களைக் குத்தகைக்கு விட்டுப் பணம் புரட்டினார் அப்பா. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நான் துணைக்கு. வீட்டில் கரண்டைப் பற்றிப் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பது என் தகுதி. ராத்திரி திருவள்ளுவர் பஸ். பெரியம்மா மடியில் ஒரு தூக்குவாளி, அதில் களி உருண்டை. வேலூர் வரும்வரைக்கும் அது கெடாது என்பது அவள் கணக்கு.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு, 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி வந்தது. ஆசியாவிலேயே முதல் கருவி அது என்பார்கள். அதாவது எங்கள் ஊருக்கு விளக்குக் கம்பம் வருவதற்கு முன்பே சென்னைக்கு அந்தக் கரண்டு வந்துவிட்டது. நாங்கள் போன ஆஸ்பத்திரியிலும் கோபால்ட்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். அடிவயிற்றில் ஊதா மையால் கோடு போட்டு, அது அழியக் கூடாது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் வைத்து முழுகாமல் இருந்தறியாத மனுஷி, ஐந்து வாரம் வயிற்றில் தண்ணீர் படாமல் குளித்தாள். நோயைவிட அதைத்தான் எல்லாரிடமும் அதிகம் சொல்லிக்கொண்டாள்.

கோபால்ட்டுக்கு அஞ்சேகால் வருடத்தில் பாதி பலம் போய்விடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். பலம் குறையக் குறைய, அதே அளவு கதிர் கொடுக்க நேரம் கூடும். வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் உள்ளே போய் வரும் நேரத்தைப் பார்த்து உலோகத்தின் வயதைக் கணக்குப் போட்டேன். நோட்டில் எழுதுவதைப் பார்த்துப் பெரியம்மா பதறினாள். "எவ்வளவு ஆவும்னு சொல்றாங்க சாமி?"

மூன்றாம் வாரத்தில் பேதி பிடித்துக்கொண்டது. குடலும் கதிர் படுகிற வழியில்தானே இருக்கிறது. நார்ச்சத்து ஆகாது, கீரை ஆகாது, கேழ்வரகு ஆகவே ஆகாது, அரிசிக் கஞ்சியும் மோரும் போதும் என்றார்கள். பென்னாகரத்துப் பெண்ணுக்குக் களி கிடையாது என்று சொல்வதை அவள் கிட்டத்தட்ட ஒரு தண்டனையாகவே எடுத்துக்கொண்டாள். "அரிசிச் சோறு தின்னு தின்னுதான் எனக்குக் கை காலே ஓயுது."

வெளியிலிருந்து கொடுக்கும் கரண்டு முடிந்ததும் உள்ளே வைக்கிற கரண்டு. அந்தக் காலத்தில் அது மெதுவாகக் கதிர் விடும் பொருள். உள்ளே வைத்துவிட்டு, அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். தனி அறை. கட்டிலருகே சக்கரம் வைத்த ஈயத் தடுப்பு. நர்சம்மா வாசலில் நின்று பேசிவிட்டு, வந்தால் இரண்டே நிமிடத்தில் போய்விடுவார். என்னை உள்ளேயே விடவில்லை. வெளியே வந்த பெரியம்மா சொன்னாள்: "வீட்டுக்குத் தூரமா இருந்தப்பக்கூட எங்க மாமியா இப்பிடி ஒதுக்கலடா. அவளாச்சும் சோத்தத் தள்ளி வெப்பா. இவங்க ஓடியே போயிடறாங்க."

பிழைத்தாள். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இருந்து, கர்ப்பப்பைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் நெஞ்சு வலியில் போனாள். குடும்பத்தில் அது கரண்டின் பெருமையாகவே பதிந்தது. ஆபரேசன் செய்த சேலத்து டாக்டரைப் பற்றி யாருக்கும் ஞாபகம்கூட இல்லை.

ஆனால் அந்தப் பத்தொன்பது வருடத்துக்கும் குடல் அவள் சொல் கேட்கவில்லை. வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது. வீட்டில் கக்கூஸ் கிடையாது. காட்டுக்குத்தான் போக வேண்டும். ராத்திரியில் லாந்தரும் செம்புமாக அண்ணி கூட ஓடுவார். தண்ணீருக்கே அல்லாடும் ஊர். புளோரைடு கலந்த போர்த் தண்ணீரைக் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறிய எங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேர்ந்ததே 2013-ல்தான். பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் பெரியம்மா முன்வரிசையில் பாய் போட்டு உட்காருகிறவள். மெட்ராசிலிருந்து வந்த பிறகு கூட்டத்தின் கடைசியில், சோளக்காட்டு ஓரமாக நின்றபடி பார்த்தாள். துரியோதனன் விழுவதை அவள் முழுதாகப் பார்த்த வருடம் ஒன்றுகூட இல்லை.

இனி இந்தக் காலம்.

2023-ல் அண்ணிக்குப் பட்டது. அதே அண்ணிதான், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரசர், கனமான உடம்பு. களி தின்ற தலைமுறையில் பிள்ளை பெறாதவளுக்கு வந்த நோய், ரேஷன் அரிசியும் பேக்கரியும் வந்த தலைமுறையில் இரண்டு பெற்றவருக்கு வந்தது. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய இன்னொரு ஹார்மோன் அப்போது இருக்காது. கர்ப்பப்பையின் உட்சுவர் சும்மா வளர்ந்துகொண்டிருக்கும். கனமும் சர்க்கரையும் கூடக் கூட இந்த நோயும் கூடுவது உலகம் முழுக்க நடக்கிற கதை. பென்னாகரம் மட்டும் விலக்கா?

ஆனால் இந்த முறை துணியை யாரும் ஒளிக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம் அண்ணி சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. தர்மபுரியில் ஸ்கேன், சதைத் துணுக்குச் சோதனை. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துளை போட்டு ஆபரேசன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செலவைப் பார்த்துக்கொண்டது. பென்னாகரத்திலிருந்து தர்மபுரி வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அங்கிருந்து சேலத்துக்குத்தான் டிக்கெட். புளியமரங்கள் எங்களிடமே இருந்தன.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அண்ணனுக்கு ஒரு சந்தேகம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா, "கரண்ட் எதுவும் வேண்டாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றதும் அது வெளியே வந்தது.

"ஏன் வேண்டாம்? அட்டையில பணம் தீந்துடுச்சா?"

டாக்டரம்மாவுக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் காகிதத்தில் கர்ப்பப்பை படம் போட்டார். கட்டி உட்சுவரில் இருக்கிறது, தசைக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது, முதல் கிரேடு, ரத்தக் குழாய்க்குள் போகவில்லை. இதற்கு ஆபரேசனே வைத்தியம்.

அண்ணன் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "எங்க பெரியம்மாவுக்கு இருபத்தஞ்சு வெச்சாங்க. பத்தொம்போது வருசம் இருந்தாங்க."

எங்கள் பெரியம்மாவைப் போன்ற பெண்களை வைத்தே நெதர்லாந்தில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. 'போர்டெக்' என்று பெயர். வாத்தியார் புத்தி, வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1990 முதல் 1997 வரை, கர்ப்பப்பை எடுத்த 714 பெண்கள். முதல் நிலைதான், ஆனால் அண்ணியைவிடக் கொஞ்சம் ஆபத்து கூடின வகை. பாதிப் பேருக்கு வெளிக்கரண்டு, பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், கரண்டு வைக்காதவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியிருந்தது. வைத்தவர்களில் 4 பேருக்கு. இதுவரை அண்ணன் கட்சி. ஆனால் உயிரோடு இருந்தவர்கள்? வைத்தவர்களில் நூற்றுக்கு 81, வைக்காதவர்களில் 85. இந்த வித்தியாசம் தற்செயல், இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அது பிறப்புறுப்பின் உச்சியில்தான் வந்தது. அப்போது கரண்டு கொடுத்தே பலரைத் தேற்றிவிட்டார்கள்.

அண்ணி போன்ற ஆபத்துக் குறைந்த பெண்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. கரண்டு வேண்டுமா என்ற சந்தேகமே அவர்கள் விஷயத்தில் இல்லை.

பெரியம்மாவின் காலத்தில் இது தெரியாதா என்றால், கொஞ்சம் தெரியும். நார்வேயில் 540 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1980-லேயே வந்துவிட்டது. எல்லாருக்கும் உள்கரண்டு கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் வெளிக்கரண்டும் சேர்த்தார்கள். சேர்த்ததால் அந்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்ததே தவிர, மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. அதற்காக மெட்ராஸ் டாக்டர்களைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. எடுத்த கர்ப்பப்பையை அறுத்துப் பார்த்து நிலையைத் தீர்மானிக்கும் முறையை உலகம் ஏற்றுக்கொண்டதே 1988-ல்தான். பெரியம்மாவின் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அது அவளுக்கு நிஜமாகவே தேவைப்பட்டிருக்கலாம். சும்மா வைத்ததாகவும் இருக்கலாம். எங்கள் குடும்பப் பெருமையின் அஸ்திவாரம் இந்த 'லாம்' மேல்தான் நிற்கிறது.

படித்ததில் என்னை உட்கார வைத்தது வேறொன்று. அதே நெதர்லாந்துப் பெண்களைப் பதினைந்து வருடம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். கரண்டு வைத்துக்கொண்டவர்கள் பேதியும் மலம் கசிவதும் சிறுநீர் அடங்காததும் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றாட வேலைக்கே அது இடைஞ்சல் என்றும். அவர்கள் வீட்டிலெல்லாம் கக்கூஸ் இருந்திருக்கும். லாந்தர் தூக்க ஒரு மருமகள் தேவைப்பட்டிருக்காது.

சரி, லாந்தர் தூக்கிய மருமகளுக்காவது இது புரியும் என்று அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். நெதர்லாந்து, 14, 4, 81, 85. நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் சரிங்க தம்பி. ஒரு பத்தாவது வெச்சிருக்கலாம்."

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஊருக்கு, வேறொரு டாக்டரிடம். அவரும் வேண்டாம் என்றார். இரண்டு டாக்டர்கள் ஒரே மாதிரி சொன்னதும் அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை, உறுதியாகிவிட்டது. "எல்லாம் பேசி வெச்சிருக்காங்க." மைத்துனர் ஒருவர், பெங்களூரில் கேட்டால் காசுக்கு வைப்பார்கள் என்று தகவல் கொண்டுவந்தார். பெரியம்மா காலத்தில் கரண்டு வாங்கப் பணம் இல்லை என்று அழுதோம். இப்போது கையில் பணத்தை வைத்துக்கொண்டு, விற்கிறவர் இல்லையே என்று அலைந்தோம்.

சேலத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அரூர் பக்கத்து அம்மா ஒருவர் சிநேகமானார். அவருக்கும் கர்ப்பப்பைதான். ஆனால் அது வேறு இனம். 2013-ல் இந்தப் புற்றின் மரபணுக்களை அலசி, இது ஒரே நோய் இல்லை, நான்கு வகை என்று பிரித்தார்கள். ஒரு வகை ரொம்பச் சாது. 'பி53' கெட்டுப்போன வகை மூர்க்கம். அரூர் அம்மாவுக்கு அந்த மூர்க்கம். கரண்டோடு மருந்தும் சேர்த்து ஏற்றினார்கள். இப்படி ஆபத்துக் கூடியவர்களை வைத்து நடந்த மூன்றாவது போர்டெக் ஆய்வில், கரண்டு மட்டும் வாங்கியவர்களில் ஐந்து வருடம் கழித்து நூற்றுக்கு 76 பேர் இருந்தார்கள் என்றால், மருந்தும் சேர்த்து வாங்கியவர்களில் 81 பேர் இருந்தார்கள். பி53 வகைக்கு அந்த லாபம் இன்னும் பெரிது. கரண்டு பொல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு இப்போது பெரும்பாலும் உள்கரண்டு மட்டுமே. மூன்று தடவை, ஒவ்வொன்றும் சில நிமிடம், வைத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஈயத் தடுப்புக்குள் நாள் கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டாம்.

அரூர் அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அண்ணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உனுக்கென்ன தாயி, ஒண்ணுமே வேண்டாம்னுட்டாங்க."

அண்ணியும் பெருமூச்சு விட்டார். "உங்களுக்கென்னங்க. எல்லாமே குடுக்கறாங்க."

அண்ணிக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனை. முதல் முறை போனபோது டாக்டரம்மா உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எடையைக் குறைக்கச் சொன்னார். அரிசியைக் குறைங்க, கேழ்வரகு சேத்துக்கங்க, களி சாப்பிடுவீங்களா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதே 2023-ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு என்று அரசே அறிவித்திருந்தது. பெரியம்மாவிடமிருந்து மெட்ராஸ் பிடுங்கிக்கொண்டதை சேலம் திருப்பிக் கொடுத்தது, முப்பத்தெட்டு வருடம் கழித்து, அவளுக்கு இல்லை.

ஊர் மட்டும் மாறவில்லை. ஆர்லிக்ஸ் போய்ப் புரதப் பவுடர் டப்பா வந்திருக்கிறது, கேள்வி அதேதான். முதலில் அண்ணி உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கரண்டு வைக்கவில்லை என்றதும் வந்தவர்கள் முகம் தொங்கிப்போகும். வெளியே போய் அண்ணனிடம் ரகசியமாக, "கைய விட்டுட்டாங்களா?" என்பார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். நெதர்லாந்தை எத்தனை பேருக்கு விளக்குவது?

போன தை மாதம் நான் இருக்கும்போதே அண்ணியின் சின்னம்மா வந்தார். உட்கார்ந்ததும் அதே கேள்வி.

"இருபத்தஞ்சு" என்றார் அண்ணி, கண் இமைக்காமல்.

சின்னம்மாவுக்கு முகம் தெளிந்தது. காபி குடித்தார். பிறகு அண்ணியின் கொண்டையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "முடி ஒண்ணும் கொட்டலியேடி?"

"இது சேலத்துக் கரண்டுங்க சின்னம்மா" என்றார் அண்ணி. "மேட்டூர்ல இருந்து வருது. முடிய ஒண்ணும் பண்ணாது."